தொட்டில் கட்டிய மரத்தில் ஈரச் சேறு

எண்பதுகளின் கடைசியில், பரளச்சிக்குத் தெற்கே இருந்த செம்மண் நிலமான எங்கள் செவக்காட்டில் கடலை போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் பவர்லூம் வேலைக்குப் போய்விடுவார். கடலைக்காட்டை நானும் அவருடைய அக்காவும் பார்த்துக்கொண்டோம். அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். என் மகள் அப்போது கைக்குழந்தை.

மார்கழியில் ஒரு காலை போய்ப் பார்த்தால், ஓடைப் பக்கத்து ஓரம் உழுது போட்டதுபோலக் கிடந்தது. செடியெல்லாம் வேரோடு புரண்டிருந்தது. யார் ஆடோ இறங்கிவிட்டது என்று நான் திட்ட ஆரம்பித்தேன். மதினி ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆடுன்னா இலையத்தானத்தா திங்கும்? இலை அப்படியே இருக்கு. காயைத்தான் காணோம்."

"அப்ப யாரும் களவாண்டுட்டுப் போயிட்டாகளா?"

"களவாங்குறவன் மென்னு துப்பிட்டா போவான்?"

மண்ணில் மென்று துப்பிய கடலைத் தோடு கிடந்தது. ஓடையோரத்து ஈரத்தில் குளம்படிகள். சட்டென்று பார்த்தால் ஆட்டுக்குளம்பு மாதிரிதான். ஆனால் முனை மழுங்கி, அகலமாக இருந்தது. தடத்துக்குப் பின்னால் பொட்டு வைத்ததுபோல இரண்டு சின்னக் குழிகள். அவற்றுக்கு நடுவே அதே மாதிரி குட்டித் தடங்களும் இருந்தன. மதினி ஓடைக்கு அந்தப்பக்கம் அடைத்துக்கொண்டு நின்ற சீமைக்கருவேலம் புதரைப் பார்த்தார்.

"காட்டுப்பன்னி," என்றார் மெதுவாக. "அதுவும் குட்டி போட்டது."

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை நாலைந்து பேர் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்திருந்தேன். விறகு வெட்டப் போன இடத்தில் பன்றி தொடையைக் கிழித்துவிட்டதாம். சுற்றியிருந்த துண்டு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அவர் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி பஸ் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே முள் வெட்டி ஓரத்தை அடைக்க ஆரம்பித்தோம். குழந்தைக்குத் தொட்டில் கட்ட அங்கே ஒரே ஒரு வேப்பமரம்தான் உண்டு. அது ஓடைப்பக்கம் இருந்தது. வேறு நிழல் இல்லை. தடம் எதுவும் புதிதாக இல்லையென்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சேலையைக் கட்டி மகளைப் படுக்கவைத்தேன். நாங்கள் வேலை பார்த்த இடத்திலிருந்து மரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் குனிந்து முள் அடுக்குகிறவளுக்குக் கண் எங்கே இருக்கும்?

வெயில் ஏறியதும் பால் கட்டி மார் வலித்தது. குழந்தையை எடுக்கப் போனேன். மரத்தை நெருங்கும்போதே அழுகிய சேற்று வாடை குப்பென்று அடித்தது. அடிமரத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. ஈரச் சேறு. தண்ணீர் இன்னும் பட்டையில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதில் கறுப்பாக, தடித்த மயிர்கள் ஒட்டியிருந்தன. தொட்டிலுக்கு நேர் கீழே குளம்படிகள். தொட்டிலின் அடியிலும் ஒரு தீற்றல் சேறு.

தொட்டில் அசையவில்லை. உள்ளே சத்தமும் இல்லை. சேலையை விலக்கக் கை வரவில்லை. பஸ்ஸில் பார்த்த அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. விலக்கினேன். அவள் கை விரலைச் சப்பியபடி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வாரி எடுத்ததும் புதருக்குள்ளிருந்து ஒரு உறுமல் கேட்டது.

"என்னத்தா, அழுகுதா?" என்று மதினி தூரத்திலிருந்து கேட்டார்.

கையைத் தூக்கிப் புதரைக் காட்டினேன். மதினி அரிவாளோடு பாதி தூரம் வந்து நின்றார். புதரைப் பார்த்தார்.

"ஓடிராத. முதுகக் காட்டாத. அப்படியே பின்னாலயே வா. நான் இருக்கேன்."

பின்னாலேயே நடந்தேன். கால் செடியில் சிக்கிச் சிக்கி விடுபட்டது. புதர் விலகி ஒரு தலை வெளியே வந்தது. மூக்கெல்லாம் மண். அது என்னைப் பார்த்ததா, வாடை பிடித்ததா, தெரியவில்லை. அதன் பின்னால் கோடு போட்ட குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. தாய் ஒரு தடவை முன்னால் துள்ளியது. செத்தோம் என்று குழந்தையை நெஞ்சோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். கருவேல முள் படபடவென்று முறிகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது எதுவும் இல்லை. சத்தம் ஓடைக்குள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

வண்டிப்பாதை வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது. நான் இறுக்கிப் பிடித்த பிடியில் அவள் தோள் சிவந்திருந்தது. மதினிதான் என் விரல்களைப் பிரித்து அவளை வாங்கினார்.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு மகளின் தோளைத் தடவிப் பார்த்தார்.

"இனி நீ காட்டுக்குப் போகவேணாம்," என்றார்.

"அப்ப கடலை?"

"இருக்கறதப் பிடுங்கிருவோம். முத்துனவரைக்கும் போதும்."

அவர் லீவு போட்டு வந்தார். சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கூட்டமாகப் போய்ப் பிடுங்கினோம். பாதிக்காய் பால்பருவம். மகளை ஊருக்குள் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். அத்தனை ஆள் சுற்றி நின்றும், ஒவ்வொரு செடியைப் பிடுங்கும்போதும் நிமிர்ந்து ஓடையைப் பார்த்தேன். மதினியும் பார்த்தார்.

மறுவருஷம் பன்றியை இழுக்கிற கடலை வேண்டாமென்று பருத்தி போட்டோம். அப்படியும் மகள் நன்றாக ஓடப் பழகும்வரை அவளை அந்தப் பக்கம் நான் கொண்டுபோகவில்லை.