இரண்டு பேட்டரியையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது

வேலாயுதண்ணன் போய்விட்டார். இன்று காலை, கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில். அவர் மனைவி கோமதி அக்கா போன் செய்து சொன்னார்.

என் நட்பு வட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் தொண்ணூறுகளில் கொச்சங்காடிப் பக்கம் குடியிருந்து, ஒழுங்காகக் குளித்தவர்கள் யாராவது இருந்தால்... அதற்கு அவர்தான் காரணம்.

குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறப்பவர் அவர். நான் அங்கே கிளார்க். அவர் தெருவுக்குத் தண்ணீர் விடுவார். விட்டதாக நான் எழுதுவேன்.

ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். அறுபது வால்வுகள். சிலது இடப்பக்கம் திறக்கும், சிலது வலப்பக்கம். ஒன்றுக்குப் பதினொரு சுற்று, பக்கத்திலிருப்பதற்கு ஏழரை. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்பது உட்பட எல்லாம் அவர் தலைக்குள்.

அலுவலகத்தில் வரைபடம் என்று ஒன்று இருந்தது. அதைக் கரையான் படித்து முடித்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், சட்டைப் பையில் டிஜிட்டல் டைரியோடு வந்தார். மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. உள்ளங்கை அளவு. மூடியைத் திறந்தால் குட்டி குட்டிப் பொத்தான்கள்.

"என்னண்ணே, மந்திரி ஆயிட்டீங்களா?" என்றேன்.

"போடா. எல்லாம் ஒரு அடுக்கும் சிட்டையுமா, ஒழுங்கா இருக்கட்டேன்னு பார்த்தேன். தலையிலேயே எத்தனை நாள் சுமக்கிறது?"

அதன் பிறகு எந்நேரமும் தட்டிக்கொண்டே இருப்பார். வால்வு, சுற்று, கிழமை... பத்து மணிக்கு அது கத்தும். எடுத்துப் பார்ப்பார். "சாயா" என்று எழுதியிருக்கும். போய்க் குடிப்பார்.

எங்கள் ஆபீசருக்கு ஒரே பூரிப்பு. பிரிவு முழுவதும் கணினிமயமாகிவிட்டது என்று மேலே எழுதினார். டைப் செய்தது நான்.

ஒரு நாள் திரை மங்கிவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார். அலுவலகத்திலேயே அதிகம் படிக்கிறவன் நான் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"பேட்டரி மாத்தித் தா. பார்த்து செய்யணும், கேட்டியா?"

மாற்றும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆங்கில எழுத்தில் தமிழ். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு குறிப்பு. என் பெயருக்கு எதிரே: கண்ணாடி. ஜன்னல் பக்க மேசை. கிண்டல் செய்வான். நல்லவன்.

அடுத்த குறிப்பு: வீடு. பஸ் ஸ்டாப்பில் இறங்கி நேராக. மாவு மில் தாண்டி மூன்றாவது. பச்சை கேட். அது நம்ம வீடு.

உரக்க வாசித்தேன். பிறந்த சந்துக்கே வழி எழுதி வைத்திருக்கிற மனிதர்! அலுவலகமே சிரித்தது.

அவரும் சிரித்தார்.

அந்த டைரிக்குள் இரண்டு பேட்டரிகள். ஒன்று பெரியது. இன்னொன்று பொத்தான் போன்றது. முதலாவதை மாற்றும்போது உள்ளே இருப்பதைக் காப்பாற்றி வைப்பது அதன் வேலை. இரண்டையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

கடலைப் பொட்டலக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். அதைப் படிக்கவில்லை.

திரை பளிச்சென்று வந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"சின்ன பேட்டரி முன்னாடியே தீர்ந்திருக்குண்ணே. எல்லாம் போயிருச்சு" என்றேன்.

திரையைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார். "சாரமில்ல, போகட்டும். திரும்ப எழுதிக்கலாம்."

திரும்ப எழுத அவரிடம் எதுவும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள், நான்கு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று கொச்சங்காடிப் பெண்கள் காலிக் குடங்களோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். "நாலு திவசமாயி சாரே, ஒரு துள்ளி வெள்ளமில்ல! வேலாயுதன் சேட்டன் எவிடே?"

தேடிப் போனேன். தெரு முக்கில், திறந்த வால்வுக் குழிக்குப் பக்கத்தில், சாவியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வெற்றுத் திரையில் பொத்தான்களை அழுத்திக்கொண்டே... "இதுல உண்டு. இரு, இதுல உண்டு."

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். "நடந்தவற்றை நினைவுகூர்ந்து ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்." நாங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவோம். அதை டைப் செய்ததும் நான்தான்.

ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது கோமதி அக்கா வாசலிலேயே வைத்துச் சொன்னார். "ரெண்டு வருஷமா மறதி தம்பி. டாக்டரும் சொல்லியாச்சு. ரிட்டயராகற வரைக்கும் ஆபீசுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு... தெளிவா இருக்கற நேரமாப் பார்த்து, ஒண்ணொண்ணா அந்தச் சாமானத்துல ஏத்தி வெச்சாரு. அதுவும் கெட்டுப்போச்சே. நம்ம நேரம்."

 அக்கா கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் மறுபடி போனேன். "யாரு வந்திருக்கா, தெரியுதா?" என்று அக்கா கேட்டார். அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். என் பெயர் வரவில்லை.

"கண்ணாடி..." என்றார். பிறகு, "பேட்டரி மாத்தியாச்சா?"

"ஆச்சுண்ணே. எல்லாம் அதுலயே இருக்கு."

தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். அந்தக் கையில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

அக்கா, சின்ன பேட்டரி முன்னாடியே தீர்ந்துபோகவில்லை. நான்தான் இரண்டையும் ஒன்றாகக் கழற்றினேன். இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். வழி தெரியாதவர்களுக்கு: பஸ் ஸ்டாப்பில் இறங்கி நேராக. மாவு மில் தாண்டி மூன்றாவது. பச்சை கேட்.

போய்வாருங்கள் அண்ணே.