இரண்டு முறை எழுதிய வரி

பெட்டி மேடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. வைத்தவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் வகுப்பிலேயே தங்கிவிட்டது. கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எடுப்பவர் அவர். ஒரு புரோகிராம் தன்னிடம் வரும் தகவல்களை எப்படி அடுக்கி வைக்க வேண்டும், கேட்டபோது எப்படித் தேடி எடுக்க வேண்டும் என்பதுதான் பாடம். அதைப் பெட்டி பெட்டியாகப் போர்டில் வரைந்து, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்டுத்தான் சொல்லிக்கொடுப்பார். முதல் மூன்று வாரம் யாரும் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, பென்சிலும் தாளும்தான். தாளில் வராதது மெஷினில் எங்கிருந்து வரும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

வயது நாற்பத்தேழு. ஒரே பாடத்தைப் பதினோரு வருஷமாக எடுக்கிறார். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றி இருவரும் பேசி முடித்தும் பல காலமாகிறது. மேடம் நல்லவர், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதிலும் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "எழுதி முடிக்கிற வரைக்கும் பேசாதீங்க, கடைசியில கேளுங்க" என்பார். கடைசியில் பெல் அடித்துவிடும். பதினோரு வருஷமும் இப்படியே ஓடியது.

இந்தப் பருவத்தில் நாற்பத்து நான்கு பேர். அவர்களில் ஒருத்திக்கு முப்பத்தாறு வயது. காலையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை, மதியம் கல்லூரி. கூடப் படிப்பவர்கள் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், கொஞ்ச நாளில் ஆபீஸ் பியூன்கூட அக்கா என்றார், அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்தில் சேர்ந்தவள். அந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: நடத்தை பற்றி ஒரே ஒரு புகார் நிரூபணமானாலும் சேர்க்கை ரத்து, மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் போகும், அவளுக்கு மொத்தமும் போகும்.

மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கர்மசிரத்தையாக எழுதுவாள். மற்றவர்கள் பேனாவையே எடுப்பதில்லை. மேடம் வீட்டில் டைப் செய்து அச்சடித்த நோட்டு எல்லோர் கையிலும் இருக்கிறது, அப்புறம் எதற்கு எழுதுவது என்ற தைரியம். அக்கா மட்டும் போர்டையே பார்த்து எழுதுவாள், கையால் எழுதினால்தான் தன் மண்டையில் ஏறும் என்பாள்.

ஐந்தாவது வாரம் லிங்க்டு லிஸ்ட், அதாவது பெட்டிகளைச் சங்கிலியாகக் கோத்த பட்டியல். ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்திருக்கும். நடுவில் ஒரு பெட்டியை எடுத்துவிட்டால் அம்புக்குறியை மாற்றிப் போட வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதச் சொல்லி மேடம் வீட்டுப் பாடம் கொடுத்தார். வந்த விடைகளை வழக்கம்போல ஒப்பிடும் புரோகிராமுக்குள் போட்டார். அது இந்த வருஷத்து விடைகளையும் பழைய வருஷத்து விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சடித்த நோட்டில் உள்ளதை விட்டுவிட்டு மற்றபடி ஒன்று போல இருப்பதைச் சிவப்பில் காட்டும். பெயர்களை மட்டும் மாற்றிப்போட்டு அதை ஏமாற்ற முடியாது.

சிவப்பில் வந்தது அக்காவின் விடை. அது நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு விடையோடு வரிக்கு வரி ஒத்துப்போனது. யாருடையது என்று பார்த்ததும் மேடத்துக்குச் சுருக்கென்றது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட பையன் அவன்.

நெட்டையின் கதை கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அவனும் அவனோடு அறையில் தங்கியிருந்தவனும் கொடுத்த இரண்டு விடைகளிலும் ஒரு வேண்டாத வரி ஒரே இடத்தில் இருந்தது. பட்டியல் காலியா, காலி என்றால் திரும்பிப் போ என்கிற வரி. அதை முதலிலேயே ஒரு தடவை கேட்டாகிவிட்டது. பாதி வழி வந்தபிறகு மறுபடி கேட்பதில் அர்த்தமே இல்லை, அந்த வரிக்கு ஒருநாளும் வேலை வராது. சரியான விடை பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி வரலாம், தப்பு மட்டும் அவரவர் சொந்தம், இரண்டு பேருக்கு ஒரே தப்பு ஒரே இடத்தில் வந்தால் அது காப்பிதான் என்று மேடம் விசாரணைக் குழுவில் அடித்துச் சொன்னார். இருவருக்கும் அந்தப் பருவமே ரத்தானது. அறைத்தோழன் திரும்ப எழுதிப் பாஸானான். நெட்டை ஊருக்குப் போனவன் போனவன்தான். துறைத்தலைவருக்கு இந்த வாதம் ரொம்பப் பிடித்துவிட்டது. புதிதாக வரும் ஆசிரியர்களிடமெல்லாம் 'மேடத்தோட முறை' என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மேடத்துக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது அதே வரி, அதே இடத்தில், அக்காவின் விடையில். நெட்டையின் விடை இன்னும் ஹாஸ்டலில் கைக்குக் கை சுற்றுகிறது என்று மேடம் முடிவு கட்டினார். அக்காவை அறைக்கு வரச்சொல்லி, விடையை மேஜையில் வைத்து, அந்த வரியின் மேல் விரலை ஊன்றினார்.

"இது எதுக்கு இங்க இருக்கு? மேலயே கேட்டாச்சே."

அக்கா குனிந்து பார்த்தாள். "கிளாஸ்ல எழுதினதுதான் மேடம்."

மேடம் அச்சடித்த நோட்டைப் பிரித்து நீட்டினார். அதில் எங்கே இருக்கிறது, காட்டு என்றார். அக்கா மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை விரல் வைத்துத் தேடினாள். இல்லை. நோட்டில் இல்லாதது தன் தாளில் எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. தன் கைநோட்டைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டாள். நோட்டில் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், என் காதில் பூச்சுற்ற வேண்டாம் என்று மேடம் வெட்டிவிட்டார். கடைசியில் அக்கா, ஒருவேளை தானே தப்பாக எழுதியிருக்கலாம் என்றாள். அதுதான் மேடத்துக்கு வேண்டியிருந்தது.

"உங்க தப்புன்னா அது இன்னொருத்தர் தாள்ல எப்படிம்மா இருக்கும்?"

அக்கா தாளை மேஜையில் நேராக வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவு வரை போனவள் திரும்பி, "இது போச்சுன்னா எனக்கு வேற எங்கயும் இடம் கிடையாது மேடம். நான் காப்பி அடிக்கல" என்றாள். அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அழுதிருந்தால் மேடத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கே புகாரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விசாரணை பத்தாவது வாரம், வெள்ளிக்கிழமை என்று தேதி வந்தது.

கையெழுத்துப் போட்டாரே தவிர மனசு ஒட்டவில்லை. அக்கா அதற்குப் பிறகும் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. அதே மூன்றாவது பெஞ்ச், அதே நோட்டு. குற்றம் செய்தவள் இப்படி வந்து உட்காருவாளா என்று ஒரு நாள் தோன்றும், நெஞ்சழுத்தம் பிடித்தவள் என்று மறுநாள் தோன்றும்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டதாம், கூடப் போன புது ஆள் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டானாம். சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை, எங்கே கோளாறு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

"அதுல என்ன இருக்கு? போன மாசம் நான் கை வச்ச இடத்தைத்தான் முதல்ல பார்ப்பேன். பாதி நேரம் அங்கதான் இருக்கும். மத்தவன் கெடுத்ததைத் தேடுறதெல்லாம் அதுக்கு அப்புறம்."

"அப்ப கோளாறு உங்களோடதுன்னு ஒத்துப்பீங்களா?"

"ஒத்துக்கலைன்னா லிஃப்ட் மேல போயிடுமா?" என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போனார். மேடம் அன்றைக்கே எழுந்துபோய் அச்சடித்த நோட்டை ஒரு தடவை வரி வரியாகப் பார்த்தார். அதில் கோளாறு எதுவும் இல்லை. நிம்மதியாகப் படுத்தார்.

வியாழக்கிழமை, பரீட்சைக்கு முன்னால் பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்லும் வகுப்பு. பதினோரு வருஷமாக அவர் இந்தப் பாடத்தை எடுக்கும் அதே மூன்றாவது மாடி அறை. அந்த அறையின் போர்டு சின்னது, நடுவில் ஒரு விரிசல் உண்டு. விரிசலுக்கு இடப்பக்கம் பெட்டிகளும் அம்புக்குறிகளும், அதை அழிக்கக் கூடாது. வலப்பக்கம் புரோகிராம், பன்னிரண்டு வரிதான் பிடிக்கும். பெட்டியை எடுக்கும் புரோகிராமுக்கு இருபது வரி வேண்டும். அதனால் பன்னிரண்டாவது வரி வந்ததும் வலப்பக்கத்தை அழித்துவிட்டு மீதி வரிகளை மேலிருந்து எழுதுவார். அன்றைக்கும் அப்படியே எழுதினார், அழித்தார், சாக்பீஸை எடுத்துப் போர்டின் உச்சியில் வைத்தார். கை தானாக எழுதியது: பட்டியல் காலியா, காலி என்றால் திரும்பிப் போ.

மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் வரி அழிந்துவிட்டதே, பார்ப்பவர்கள் மறந்துவிடுவார்களே என்ற பயத்தில் கை அதைத் திரும்ப எழுதியிருக்கிறது. இன்றைக்கு மட்டுமா? பதினோரு வருஷமாக எழுதியிருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்யும்போது எதையும் அழிக்க வேண்டியதில்லை, அதனால் நோட்டில் அது இல்லை. போர்டைப் பார்த்து எழுதுபவர்களுக்கு மட்டும்தான் அந்த வரி போய்ச் சேரும்.

திரும்பிப் பார்த்தார். நாற்பத்து மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் தலை குனிந்து அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போய் அந்தக் கைநோட்டைக் கேட்டார். ஐந்தாவது வாரத்துப் பக்கம். தேதி போட்டு, பெட்டி வரைந்து, அந்த வரி இரண்டு தடவை. அன்றைக்கே பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எல்லோர் முன்னாலும், "தப்பு என்னோடதும்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். மேடம் மன்னிப்புக் கேட்டு வகுப்பு பார்த்ததில்லை. அக்கா நோட்டைத் திரும்ப வாங்கி, "அப்ப நாளைக்கு நான் லீவு சொல்ல வேண்டாமா மேடம்?" என்று கேட்டாள். விசாரணைக்காகக் கிளினிக்கில் அரை நாள் கேட்டு வைத்திருந்தாளாம்.

வெள்ளிக்கிழமை குழு ஐந்தே நிமிஷத்தில் அக்காவின் புகாரைத் தள்ளியது. எல்லோரும் எழுந்தபோது மேடம் எழவில்லை. நெட்டையின் பழைய கோப்பை மேஜையில் வைத்தார். துறைத்தலைவர் முகம் சுருங்கியது. முடிந்துபோன கதையைக் கிளறுவதில் யாருக்கு லாபம், வெளியே தெரிந்தால் மேடம் புகார் கொடுத்த மற்ற எல்லாவற்றையும் கேள்வி கேட்பார்கள் என்று நயமாகவும் பயமாகவும் சொல்லிப் பார்த்தார்.

"கேக்கட்டும் சார். பதில் சொல்லத்தானே நான் இருக்கேன்" என்றார் மேடம்.

கேட்கத்தான் செய்தார்கள். பழைய கோப்புகள் பதினேழையும் திரும்பப் பார்க்கும் வேலை மேடத்தின் தலையிலேயே விழுந்தது. மற்றவை சரியாகத்தான் இருந்தன. நெட்டைக்கும் அவன் அறைத்தோழனுக்கும் போட்ட தண்டனை நீங்கியது. நெட்டை விரும்பினால் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று ஆபீஸ் கடிதம் தயார் செய்தது. அது போய்ச் சேருவதற்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று மேடம் அவன் நம்பரைத் தேடிப் பிடித்தார். பருவத்தின் கடைசி நாள் அது. மதியம், ஆளில்லாத வகுப்பறையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்.

அவன் ஒரு கூரியர் ஆபீஸில் இருந்தான். பார்சல் ஒட்டும் டேப்பைக் கிழித்துக் கிழித்து இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேடம் எதையும் பூசி மெழுகாமல் போர்டு, விரிசல், அழித்தது, திரும்ப எழுதியது எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை, இருவரும் என்னைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், உன் படிப்பைக் கெடுத்தது நான்தான் என்றார். டேப் சத்தம் நின்றது.

"அந்த வரி எதுக்குன்னு கேக்க அன்னைக்கே கையைத் தூக்கினேன் மேடம். எழுதி முடிக்கிற வரைக்கும் பேசாதேன்னீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அப்புறம் பெல் அடிச்சிடுச்சு." அவனே தொடர்ந்தான். "ஏதோ எனக்குப் புரியாத காரணம் இருக்கும்னு நினைச்சு அப்படியே எழுதிக்கிட்டேன். ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன் மேடம், வண்டியில போகும்போதெல்லாம். எனக்கு அது பிடிபடவே இல்ல. இப்பவாவது சொல்லுங்க, எதுக்கு அது?"

மேடம் எதிரே இருந்த போர்டைப் பார்த்தார்.

"எதுக்கும் இல்லப்பா. போர்டுல இடம் பத்தல."

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்" என்றார்.