எந்த ஷிஃப்டில் பார்த்த டாக்டர் சொன்னது சரி?

திருவள்ளூர் டாக்டர் எனக்கு மனச்சோர்வு என்றார். சென்னை டாக்டர், சோர்வும் துள்ளலும் மாறி மாறி வரும் பைபோலார் என்று மாத்திரையையே மாற்றிவிட்டார்.

எதை விழுங்குவது? இன்று நைட் ஷிஃப்டுக்குக் கும்மிடிப்பூண்டி போகும் கம்பெனி பஸ்ஸில், மெயின்டனன்ஸ் சேகரிடம் புலம்பினேன்.

"ரெண்டு பேரையும் எந்த ஷிஃப்ட் வாரத்துல பாத்தீங்க சார்?"

யோசித்தேன். முதலாமவரிடம் நைட் முடித்து, தூங்காமல் போய் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அடுத்தவரிடம் பகல் ஷிஃப்ட் வாரத்தில் போய், என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன்.

"நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வேற வேற ஆளா போய்க்கினு இருந்தா, அவுங்க இன்னா பண்ணுவாங்க?"

அத்தனை படித்த இருவருமே ஷிஃப்டைப் பற்றிக் கேட்கவில்லை.

நாளை காலை நைட் முடித்த கையோடு சென்னை டாக்டரிடமே போகிறேன். தூங்காத இந்த ஊமை ஆளை அவர் பார்த்ததில்லை. என்ன பெயர் வைப்பார், சொல்லுங்கள் பார்ப்போம்.