பதினேழு பேரும் என் தம்பியும்

நான் கடை வைத்திருக்கும் இந்த இங்கிலாந்துக் கிராமத்தில் செத்தவர்களின் பெயர் எல்லோருக்கும் மனப்பாடம். உயிரோடு நிற்கும் என் பெயர் ஒருவர் வாயிலும் வராது. கோயில் வாசலில் ஒரு கற்சிலுவை. முதலாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத பதினேழு பேரின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. அதில் மூன்று பேர் ஒரே பேக்கரிக்காரனின் பிள்ளைகள். பால் வாங்க வரும் கிழவிகள் அவர்களை நேற்றுப் பார்த்ததுபோல் பேசுவார்கள். சூசைப்பிள்ளை என்கிற என்னைத்தான் ‘சாம்’ என்று சுருக்கிவிட்டார்கள். போகட்டும். எங்கள் மீன்பிடி ஊரான பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரே கடை இங்கே என்னுடையதுதான். நான் கதவைப் பூட்டினால் ஊருக்கே தேநீர் இல்லை. படித்தவர்கள் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

நவம்பரில் அந்தப் பதினேழு பெயரையும் கோயிலில் வாசிப்பார்கள். எங்களுக்கு இது புதிதா? பேசாலையிலும் நவம்பர் ஆன்மாக்களின் மாதம். செத்த உறவுகளின் பெயரைக் கடதாசித் துண்டில் எழுதிப் பங்குச் சுவாமியிடம் கொடுத்தால் பூசையில் வாசிப்பார். இங்கும் அதுதான் வழக்கம் என்று நினைத்து, என் தம்பி செபஸ்தியானின் பெயரை எழுதிப் பாதிரியாரிடம் நீட்டினேன். பாதிரியார் ஒரு பெண். அதை விழுங்கவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது. “உங்கள் சகோதரரா?” என்றார். “எங்கள் ஊரிலும் யுத்தம் நடந்தது” என்றேன். கண் கலங்கி வாங்கிக்கொண்டார். பேக்கரிக்காரனின் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் பின்னால், பதினெட்டாவதாய் என் தம்பியின் பெயர் ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கைபேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். வெள்ளைக்காரன் எங்கள் குடும்பத்துக்காக எழும்பி நிற்பதைச் சும்மா விடலாமா?

பத்து நிமிடத்தில் பேசாலையிலிருந்து தம்பியின் மனைவி றெஜினா கோல் எடுத்தாள்.

“அத்தான், நீங்கள் பெரிய ஆள்தான். ஆனா என்ர மனிசனைச் சாக்காட்ட உங்களுக்கு ஆர் சொன்னது?”

யுத்த காலத்தில் ஒருநாள், அடம்பனுக்கு அரிசி வாங்கப் போறன் என்று பஸ் ஏறியவன் செபஸ்தியான். எந்தப் பக்கத்தார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அரசாங்கக் கந்தோரில் மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். அவள் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு நவம்பரிலும் அவன் பெயரைக் கோயிலில் கொடுத்ததில்லை. இத்தனை வருடமாய் அவள் உயிரோடு வைத்திருந்தவனை நான் ஒரு துண்டுக் கடதாசியில் முடித்துவிட்டேன்.

“நாளைக்கே அந்தப் பேரை எடுப்பியுங்கோ” என்றாள்.

எடுப்பிக்காவிட்டால் நான் என்ன பெரிய மனிதன்? மறுநாளே போனேன். “என் தம்பி சாகவில்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள்.” பாதிரியார் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். “கண்டுபிடித்துவிட்டார்களா!” கிடைக்கவுமில்லை, சாகவுமில்லை என்று விளக்க, மொத்த வியாபாரிகளோடு சண்டை பிடித்துப் பழகிய என் ஆங்கிலத்தில் வசதி இல்லை. “யெஸ்” என்றேன். கட்டிப்பிடித்துவிட்டார். பின்னேரத்துக்குள் நினைவுச்சின்னக் கமிட்டி கேக்கோடு கடைக்கு வந்துவிட்டது. பதினேழு பேரில் ஒருவன்கூடத் திரும்பாத ஊர் அல்லவா? நூறு வருடமாய்ச் சேர்த்துவைத்த சந்தோஷத்தையெல்லாம் என் தம்பியின் தலையில் கொட்டினார்கள்.

இப்போது பால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் “தம்பி எப்படி?” என்று கேட்கிறார்கள். “சுகம். கடலுக்குப் போயிருக்கிறான்” என்கிறேன். பொய்தான். ஆனால் பேசாலையில், றெஜினாவின் மனம் நோகும் என்று எவரும் அவனைப் பற்றிக் கேட்பதேயில்லை.

நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டு, ஏச்சு வரும் என்று கைபேசியைக் காதுக்குத் தள்ளிப் பிடித்தேன். ஏச்சு வரவில்லை, கேள்விதான் வந்தது.

“இண்டைக்கும் கேட்டவையோ?”

“ஓம் பிள்ளை, மூண்டு பேர்.”

“கடலுக்கெண்டு சொல்லாதேங்கோ அத்தான். இஞ்ச வாடைக் காத்துக் கடுமை, ஒரு வள்ளமும் இறங்கேல்லை. கரையில நிக்கிறார் எண்டு சொல்லுங்கோ.”

மறுநாள் காலை ஒரு கிழவி வந்து கேட்டாள். “காற்றுக் கடுமை, கரையில் நிற்கிறான்” என்றேன். அவள் கடைக் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு மரக்கிளையும் அசையவில்லை.

“ஓமோம், இந்தக் காற்றில் போகாததுதான் நல்லது” என்றாள்.