ஏற்றத்தில் நின்ற அண்ணை

பிரிண்டரிலிருந்து வந்த தாள் கையில் சுட்டது... அந்தச் சூடும் மையின் மணமும் இன்றும் மறக்கவில்லை.

கோப்பாய்ச் சந்திப் பக்கம் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பிரான்ஸில் ஜூலையில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தின் முன்னோட்டத்தைக் களவாகப் பிரிண்ட் எடுத்தேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் ஓட்டம். எந்த நாள் எந்த ஊர், எங்கே சமதரை, எங்கே மலை, யாருக்கு வெல்ல வாய்ப்பு... பதினெட்டுப் பக்கம்!

யார் வென்றால் எனக்கென்ன? நான் தேடியது ஒரேயொரு ஊரை.

அங்கேதான் என் அண்ணை இருந்தார். மலையடிவாரத்துச் சின்ன ஊர், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. போய்ப் பதினொரு வருடம். விசா இல்லாததால் வர வழியில்லை. கிழமைக்கொரு போன் வரும், முகம் மட்டும் வராது. படம் கேட்டால் "அனுப்புறன், அனுப்புறன்" என்பார். எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கதைப்போம் என்றால் "இஞ்சை கமரா பழுது" என்பார். எத்தனை வருடத்துக்குத்தான் ஒரு கமரா பழுதாக இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாதான், "அவனுக்கு என்ன கஷ்டமோ, விடு பிள்ளை" என்பார். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுவார்.

பந்தயம் தன் ஊர் வழியாகப் போகிறது என்று சொன்னதே அண்ணைதான்.

"ரீவியிலை காட்டுவாங்கள். நான் றோட்டுக்கரையிலை நிக்கிறன். அம்மாவைப் பாக்கச் சொல்லு."

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த முன்னோட்டத்தை நான் படித்த மாதிரி ஓ.எல் சோதனைக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். எங்கள் பக்கத்துச் சைக்கிள் ஓட்டத்தில் சனம் சந்தியில்தான் நிற்கும். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, சந்தியில் நில்லுங்கோ என்று அண்ணையிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஏழாம் பக்கம் வாசித்தேன். சமதரையில் இருநூறு பேரும் ஒரே கூட்டமாகக் கண்மூடித் திறக்க முதல் போய்விடுவார்களாம். ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்களாம், கமராவும் அங்கேதான் சனத்துக்குக் கிட்டப் போகுமாம்.

ஏற்றத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இந்தக் குடாநாட்டில் நான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டியதெல்லாம் எதிர்க்காற்றுக்குத்தான்.

அடுத்த போனில் கத்தினேன். "அண்ணை, சந்தி வேண்டாம்! மலையிலை ஏறுங்கோ. வளைவு ஒண்டு பாத்து நில்லுங்கோ. சிவப்புச் சேட்டு போடுங்கோ."

"சிவப்பிலை என்னட்டை இல்லையடி..."

"வாங்குங்கோ!"

சிரித்தார். "ஓம் ஓம், வாங்கிறன்."

அண்ணையின் ஊர் வழியாகப் போவது பதினான்காம் நாள் ஓட்டம். பக்கத்து வீட்டு ரீச்சர் வீட்டில்தான் டிஷ் இருந்தது. அம்மா பின்னேரமே குளித்துத் தோய்ந்து, கோயிலுக்குக் கட்டும் சீலையைக் கட்டிக்கொண்டு, ரீவிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்.

"அவன் உம்மைப் பாக்கப் போறானே?" ரீச்சர் பகிடி விட்டுச் சிரித்தார். அம்மா சீலைத் தலைப்பைச் சரிப்படுத்திக்கொண்டார்.

பொழுதுபடும் நேரம் மலை வந்தது.

"ஐயோ, உதென்ன ஏத்தம்! பிள்ளை சைக்கிளிலையெல்லே வேலைக்குப் போறவன்..." என்றார் அம்மா. றோட்டின் இரண்டு பக்கமும் கொடியும் தொப்பியுமாகச் சனம். ஒரு வளைவில், சிவப்புச் சேட்டோடு ஒரு மெலிந்த கறுத்த மனிதர் கையை ஆட்டியபடி ஓடினார்.

"அந்தா! என்ரை பிள்ளை!"

அம்மா எழும்பிப் போய் ரீவியில் கையை வைத்தார். அதற்குள் படம் மாறிவிட்டது. அம்மா விம்மி விம்மி அழுதார். பகிடி விட்ட ரீச்சரும் அழுதார்.

அடுத்த நாள் எங்கள் கடைக்கு அண்ணையின் போன் வந்தது.

"முதலாளி லீவு தரேல்லையடி. பந்தயம் பாக்க வந்த சனத்தாலை கடை நிரம்பி வழிஞ்சுது. முழுநாளும் கோப்பை கழுவினனான். படம் அனுப்பினால் தெரியிற என்ரை மெலிவு, தூரத்திலை நிண்டால் அம்மாக்குத் தெரியாது எண்டு நினைச்சன்... சேட்டும் வாங்கி வைச்சிருந்தனான்."

"அம்மா உங்களைக் கண்டதெண்டு சொல்லுறா" என்றேன்.

"அப்ப... நான்தான் எண்டு சொல்லிவிடு."

சொன்னேன். அம்மா உரும்பிராயில் உள்ள தன் தங்கச்சி வரைக்கும் போன் எடுத்துச் சொன்னார். "மெலிஞ்சு போனான். ஆனா சிரிச்ச முகம்."

ஆறு வருடம் கழித்து, விசாக் காகிதம் கிடைத்து அண்ணை ஒரு மாத லீவில் வந்தார். சாப்பிடும்போது அந்தக் கதை வந்தது. அவரும் விடாமல், "அண்டைக்கு மலையிலை என்ன வெயில் தெரியுமே அம்மா..." என்று நடிக்கத் தொடங்கினார்.

அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

"விடு ராசா. அது நீ இல்லையெண்டு கிட்டப் போகேக்கையே கண்டிட்டன். பெத்தவளுக்குத் தெரியாதே? வரேலாமல் போச்செண்டு நீ அங்கை நொந்துகொண்டு இருப்பாய் எண்டுதான் சொல்லேல்லை."

"அப்ப ஏனம்மா அப்பிடி அழுதனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது இவன் இல்லையெண்டுதானே பிள்ளை."

அண்ணை சோற்றில் கையை வைத்தபடி குனிந்தே இருந்தார்.

இந்த வருட முன்னோட்டம் போன கிழமை என் போனுக்கே வந்துவிட்டது. மலையெல்லாம் விரலால் பெருப்பித்துப் பார்க்கலாம். அண்ணையையும் ஒவ்வொரு நாளும் போனில் பார்க்கலாம். நாங்களோ வீடியோவைப் போட்டுவிட்டு, அவர் அங்கே வெங்காயம் வெட்ட, நான் இங்கே உடுப்பு மடிக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே கதைத்து முடிக்கிறோம்.

அம்மா அப்படியில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் இருப்பார்.

"என்னம்மா, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" என்று அண்ணை கேட்பார்.

"நீ உன்ரை வேலையைச் செய் ராசா. நான் உன்னைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."