கத்திரியை மேடேற்றிய கதை

கரிசல்காட்டுக்காரனுக்குத் தண்ணீரைக் கண்டால் தேக்கிவைக்கத் தெரியும், வடியவிடத் தெரியாது. குமுளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக வந்த முதல் வருஷம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் எனக்கு விட்ட கையகல நிலத்தில் எங்கள் ஊர் வழக்கப்படி ஆழமாகப் பள்ளப்பாத்தி பிடித்து, சுற்றிலும் வரப்பும் கட்டினேன். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது பாருங்கள்! வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரை மழை விடாத மலையில் இந்தக் கெட்டிக்காரத்தனம்.

அதில் நட்டது கத்திரி. என் மனைவி தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. அவள் அம்மா போய்ச் சேர்ந்து, அந்தக் காடும் கைமாறிவிட்டது. இனி அந்த விதையைக் கேட்டுப் போக இடமில்லை. பாதியை எடுத்துவைக்கச் சொன்னாள். நான்தான் தாராள மனசோடு மொத்தத்தையும் நாற்று விட்டேன்.

ஆடியில் செடி பூவெடுத்தது. கூடவே இலையும் மஞ்சளானது. பாத்தியில் கணுக்கால் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஜெபம் முடிந்து வந்த அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர், தேயிலை நாற்றுமேடையில் வெகுகாலம் வேலை பார்த்தவர்.

"என்ன ஐயா, மீன் வளக்கப் போறியளா?"

"கத்திரி, அக்கா."

"கத்திரி நீந்துமா? வேரு அழுகுது. மேடு கட்டி இன்னைக்கே மாத்துங்க."

"பூத்த செடியைக் கெளப்பினா செத்துப்போகுமே!"

"கெளப்பாட்டியும் சாகத்தான் போகுது."

என் மனைவி மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பு வந்திருக்கும்.

முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, நடுவே தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டோம். மண் சேறாகக் கிடந்ததால் வேரைப் பிடித்து நிற்கவில்லை. ஒவ்வொரு செடியையும் அடியோடு அள்ளி, சோற்றுத் தட்டில் வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. முதல் செடியைக் கீழே போட்டேன். அதை எடுக்கக் குனிந்து இரண்டாவதை மிதித்தேன். அதன்பிறகு, தட்டைக் கழுவித் தருவது மட்டும் என் வேலை என்று பெண்கள் இருவரும் தீர்மானித்துவிட்டார்கள்.

மறுநாள் பார்த்தா வெயில் அடிக்க வேண்டும்? அத்தனை வாரம் முகம் காட்டாத சூரியன்! மனசு கேட்காமல் வேலையை விட்டுத் தேயிலை மலையிலிருந்து ஓடிவந்தேன். செடியெல்லாம் துவைத்துப் போட்ட துணியாகத் தொங்கின. தலை வாடினால் தாகம், வேறென்ன? குடம் குடமாக ஊற்றினேன். அப்படியும் நிமிராததால், என் குடையை விரித்து, இருப்பதில் நோஞ்சானான ஒரு செடிக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொழுந்து நிறுக்கப் போன தோட்டத்து ஜனம் மொத்தமும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

அக்கா வந்து குடத்தைப் பிடுங்கினார். "நேத்து வரைக்கும் முக்கிக் கொன்னிய, இன்னைக்கு ஊத்திக் கொல்லுதிய. வேரு அறுந்து கெடக்கு, அது எப்படிக் குடிக்கும்?" நாற்றுமேடையில் செய்கிறபடி, பெரணித் தழையைக் கட்டாகக் கொண்டுவந்து ஒவ்வொரு செடிக்கும் நிழலாகக் குத்திவைத்தார். "மூணு நாளு இந்தப் பக்கம் வராதீய."

"நான் பாத்துக்கிறேன், நீங்க தேயிலையப் போய்ப் பாருங்க" என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாகவே.

மூன்று நாளும் வீட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் கேட்டேன். "உசுரு இருக்கா?"

"இருக்கு."

"எல்லாத்துக்குமா?"

"உங்களுக்கும் சேத்துத்தான்."

நான்காம் நாள் தழையை விலக்கினோம். பாதிச் செடி போயிருந்தது. மீதி நின்றது. நுனியில் எலிக்காது அளவில் புதுத் துளிர். என் மனைவி அதைத் தொடாமல் விரலை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனாள். அந்த இரண்டு பேரும் அன்று கைகொடுக்காமல் இருந்திருந்தால், அவள் முகத்தை நான் எப்படி ஏறிட்டுப் பார்த்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

முதல் காயைக் குழம்புக்குத் தரவில்லை. செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டாள். விதையெடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பாதியை அக்காவுக்குக் கொடுத்தாள். கூடவே போன நான், "மேடு கட்ட நானும் வரேன், அக்கா" என்றேன்.

"வேண்டாம் ஐயா. நீங்க வராம இருந்தாலே பெரிய உதவி."

அந்த உதவியை மட்டும் நான் குறைவில்லாமல் செய்தேன்.