படத்தில் விட்டுப்போன ஆறு

போன செவ்வாய்க்கிழமை. தஞ்சாவூரில் நானும் மனைவியும் வழக்கமாக டிபன் சாப்பிடும் ஹோட்டல். தட்டில் நான்கு இட்லி. எதிர்ச் சுவரில் நான்கு ஆணி... படத்தைக் காணோம்!

பழைய ஊர்ப்படம் அது. யாரோ ஓவியர் பலகையில் வரைந்த தஞ்சாவூர். தெருக்கள் மேலேயிருந்து காக்கை பார்ப்பதுபோல் விரிந்து கிடக்கும். கட்டடங்கள் மட்டும் நம்மைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அரண்மனையைவிட இந்த ஹோட்டல் பெரிசு. பஸ்ஸைவிடக் காவிரி மீன் நீளம். திருவையாறு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு ஜோடி — ஆண் கையில் குடை, முகத்தில் கடுப்பு. "அது நீங்கதான்" என்பாள் மனைவி. பக்கத்தில் நிற்பவள் இவளாம்.

"படம் எங்கங்க?" முதலாளி சேகரைக் கேட்டேன்.

"கழட்டிட்டேன் சார். சாயங்காலம் பழைய சாமான்காரர் வர்றார். அங்க டிவி மாட்டப்போறேன்."

"ஏன்?"

"நீங்கதானே சார் வாராவாரம் சொல்றீங்க, மொத்தம் பதினோரு தப்புன்னு! திருவையாறு போக அஞ்சு ஆத்தைத் தாண்டணும், இதுல நாலுதான் இருக்கு, குடமுருட்டி எங்கேன்னு..."

மனைவி என்னைப் பார்த்தாள். "எண்ணுங்க. இன்னும் எண்ணுங்க!"

இட்லியைத் தள்ளிவைத்தேன். குறை சொன்னால் பிடிக்கவில்லை என்றா அர்த்தம்? பிடிக்காத படத்தை இத்தனை வருஷம் யாராவது உட்கார்ந்து எண்ணுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

என் லிஸ்ட்டுக்கு எதிராக நானே வாதாடினேன். "போன்ல இருக்கற மேப்புக்குத் தூரம்தான் தெரியும் சேகர். வரைஞ்சவருக்கு எது பிடிச்சதுன்னு இந்தப் படத்துக்குத்தான் தெரியும். உங்க அப்பா போட்ட தோசையைச் சாப்பிட்டவர்தான் இந்தக் கடையை அரண்மனையைவிடப் பெரிசா வரைவார்."

சேகர் தலையைச் சொறிந்தார். "பார்க்கலாம் சார்."

வெள்ளிக்கிழமை போனோம். படம் சுவரில்! சேகர் முகமெல்லாம் சிரிப்பு. "டிவி வேண்டாம்னு விட்டுட்டேன். பெயின்டரைக் கூப்பிட்டு உங்க குடமுருட்டியையும் சேர்த்தாச்சு!"

கிட்டே போனேன். நீலம் இன்னும் காயவில்லை. ஒன்று, இரண்டு... ஐந்து ஆறுகளும் சரி. ஆனால் புது ஆற்றுக்கு இடம் வேண்டாமா? பஸ்ஸுக்கு நின்ற ஜோடி, முழங்கால் அளவு தண்ணீரில்.

"இப்ப எத்தனை தப்பு சார்?"

மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"ஒண்ணுகூட இல்லைங்க" என்றேன்.

குடைதான் இருக்கிறதே... சமாளித்துக்கொள்வோம்.